நெருக்கடி வந்தா அரசாங்கத்தை நம்பலாமோ? 2022 இலங்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 இல இலங்கை படுத்த கதையைப் பற்றி தமிழ்நாட்டில இருக்கிற நண்பர்கள், கனடா லண்டன் பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள், இப்பதான் வோட் போடுற வயசுக்கு வந்திருக்கிற உள்ளூர்ப் பிள்ளையள் எண்டு எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம். ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துப் போச்சு, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். யாழ்ப்பாணத்துப் பேச்சிலதான் எழுதுறன், இந்தியாவில இருந்து வாசிக்கிற ஆக்கள் கொஞ்சம் சமாளிச்சுக் கொள்ளுங்கோ. நடுநிலையா எழுதுவன் எண்டு சத்தியம் எல்லாம் பண்ண ஏலாது, எனக்கு அபிப்பிராயம் இருக்கு, அது கீழ தெரியும்.

கேள்வி: ஒண்டும் தெரியாத ஆளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ, 2022 இல என்ன நடந்தது?

நாட்டிட்ட டொலர் முடிஞ்சுது. எண்ணெய், காஸ், மருந்து, பால்மா எல்லாம் வெளியில இருந்து வாற சாமான், கப்பல் வந்து கடல்ல நிக்கும், காசு கட்டினாத்தான் இறக்குவினம், கட்ட டொலர் இல்லை. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். மேல் மாகாணத்தில பேப்பர் இல்லை எண்டு பள்ளிக்கூடச் சோதினையைத் தள்ளி வைச்சவை. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சாச்சு, சுதந்திரத்துக்குப் பிறகு இதுதான் முதல்தரம். செப்டெம்பர் வரேக்க கொழும்பு விலைவாசி முந்தின வருசத்தை விட 69.8 வீதம் கூட, சாப்பாட்டுச் சாமானை மட்டும் எடுத்தா 94.9 வீதம்.

அரசியல் பக்கம் பாத்தா எல்லாம் 9 ஆம் திகதிக் கணக்கு. மார்ச் 31 ராத்திரி மிரிகானையில ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின்ர (சுருக்கமா கோட்டா) வீட்டுக்கு முன்னால சனம் கூடினது, ஏப்ரல் 9 காலிமுகத்திடல்ல கூடாரம் அடிச்சு "கோட்டா கோ கம" (கோட்டா, போ எண்டுற ஊர்) எண்டு ஒரு ஊரே உருவாச்சுது, மே 9 பிரதமரின்ர வாசஸ்தலமான அலரி மாளிகையில இருந்து வெளிக்கிட்ட, கோட்டாவின்ர அண்ணன் மஹிந்தவின்ர ஆதரவாளர்கள் கூடாரத்தில இருந்த ஆக்களை அடிக்க, பதிலுக்கு நாடு முழுக்க அரசாங்க எம்பிமாரின்ர வீடுகள் எரிஞ்சுது, நிட்டம்புவவில ஒரு எம்பி கொல்லப்பட்டார், பிரதமர் மஹிந்த அண்டைக்கே ராஜினாமா. ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள்ள சனம் புகுந்தது. 13 ஆம் திகதி கோட்டா மாலைதீவுக்கு ஓடி, அங்க இருந்து சிங்கப்பூர் போய், ஈமெயில்ல ராஜினாமா அனுப்பினார். 20 ஆம் திகதி பாராளுமன்றம் 134 வோட்டால, மஹிந்தவுக்குப் பிறகு பிரதமரான ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதி ஆக்கினது. இவ்வளவும் நாலு மாசத்துக்குள்ள.

கேள்வி: கொரோனாவும் உக்ரேன் சண்டையும் வந்தா எந்த அரசாங்கம்தான் தாங்கும்? சும்மா ராஜபக்சக்களைப் பிடிச்சுத் திட்டுறியளோ?

கொரோனாவால உல்லாசப் பயணிகள் வரேல்லை, உண்மை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்போடயே அந்த வருமானம் அடிபடத் தொடங்கிட்டுது. உக்ரேன் சண்டையால எண்ணெய் விலை ஏறினது, அதுவும் உண்மை. ஆனா கொரோனா எல்லா நாட்டுக்கும்தானே வந்தது.

கோட்டா 2019 நவம்பரில வெண்ட கையோட, கொரோனா எண்ட பேரே ஆருக்கும் தெரியாத டிசம்பரில, வற் (பெறுமதி சேர்) வரியை 15 இல இருந்து 8 வீதத்துக்கு இறக்கி, மாதச் சம்பளத்தில பிடிக்கிற வரியையும் நிப்பாட்டி, இன்னும் சில வரியளை இல்லாமலே ஆக்கினார். அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில 12 வீதத்துக்கு மேல இருந்தது அடுத்த வருசம் 10 க்குக் கீழ வந்திட்டுது. இதைப் பாத்து சர்வதேசத் தரப்படுத்தல் கொம்பனியள் புள்ளியைக் குறைக்க, வெளியில கடன் குடுக்கிறவன் கதவைச் சாத்திட்டான். அதுக்குப் பிறகும் டொலரை 200 ரூபாக்குப் பக்கத்தில பிடிச்சு வைக்கிறன் எண்டு மத்திய வங்கி கையில இருந்ததைச் செலவழிச்சுது. வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் உண்டியல்ல (வங்கி இல்லாம கைமாத்தி) அனுப்பினா 240 கிடைச்சது, வங்கிக்கால அனுப்பினா 200, நீங்களே சொல்லுங்கோ ஆர் வங்கிக்கால அனுப்புவான். கடைசியில 2022 மார்ச்சில கையை விட்டிச்சினம், ரெண்டு மாசத்தில டொலர் 360 க்குக் கிட்டப் போச்சுது. இந்த முடிவுகளை எடுத்த ஆக்களுக்குப் பேர் இருக்கு, பதவி இருக்கு, கையெழுத்து இருக்கு. உக்ரேன்ல போய்த் தேடத் தேவையில்லை.

கேள்வி: கோட்டாவுக்கு 69 இலட்சம் பேர் வோட் போட்டவை, பாராளுமன்றத்திலயும் மூண்டில ரெண்டு. மக்கள் கேட்டதுதானே கிடைச்சது?

இந்தக் கேள்வியை தெற்கில கேட்டா கோவம் வரும், வடக்கில கேட்டா சிரிப்பு வரும். 52.25 வீதம் எடுத்து வெண்டவர், அதில களவு இல்லை. ஆனா வோட் போட்ட சனம் ஐஞ்சு வருசத்துக்கு ஒருத்தரும் கணக்குக் கேக்க வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கேல்லை.

2020 மார்ச் 2 ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைச்சார். ஏப்ரல்ல தேர்தல் எண்டது, கொரோனா வர தள்ளுப்பட்டு, ஜூன் எண்டு, பிறகு ஓகஸ்ட் 5 தான் நடந்தது. கலைச்ச பாராளுமன்றத்தைத் திருப்பிக் கூப்பிட அரசியலமைப்பில வழி இருக்கு, எதிர்க்கட்சியள் கேட்டவை, ஜனாதிபதி கூப்பிடேல்லை. கோர்ட்டுக்குப் போனவை, நாள் கணக்கா வாதம் கேட்டிட்டு வழக்கைத் தொடர அனுமதி இல்லை எண்டு சொல்லிச்சினம். புதுப் பாராளுமன்றம் கூடினது ஓகஸ்ட் 20. அதாவது அஞ்சு மாசத்துக்கு மேல, நூறு வருசத்துக்கு ஒருக்கா வாற நோய் நாட்டுக்குள்ள நிக்கேக்க, அரசாங்கம் எவ்வளவு செலவழிக்குது எதுக்குச் செலவழிக்குது எண்டு கேக்க ஒரு எம்பி இல்லை. நெருக்கடி எண்டபடியா பரவாயில்லை எண்டு கனபேர் விட்டிட்டினம்.

அந்த ருசி பிடிச்சிட்டுது. ஒக்டோபர் 22 ஆம் திகதி 156 வோட்டால 20 ஆவது திருத்தம். பொலிஸ், தேர்தல், நீதித்துறை நியமனம் எல்லாம் திருப்பி ஜனாதிபதியின்ர கைக்கு. இரட்டைக் குடியுரிமை இருக்கிறவை எம்பி ஆக ஏலாது எண்டிருந்த தடையையும் இதிலதான் எடுத்தவை, எடுத்து ஒரு வருசம் ஆகேல்லை, அமெரிக்கக் குடியுரிமை இருக்கிற தம்பி பசில் 2021 ஜூலையில எம்பியாகி நிதி அமைச்சரும் ஆகிட்டார். அண்ணன் பிரதமர், தம்பி ஜனாதிபதி, இன்னொரு தம்பி நிதி, மூத்த அண்ணன் நீர்ப்பாசனம், பெறாமகன் விளையாட்டு. இப்பிடி இருக்கிற மேசையில "இது பிழை" எண்டு ஆர் சொல்லுறது?

கேள்வி: ஆனா கொரோனா வேலையை ஆமியிட்டக் குடுத்ததாலதானே தடுப்பூசி எல்லாம் கெதியாப் போட்டாச்சு?

ஓம், போட்டாச்சு, அதை மறுக்க ஏலாது. எங்கட பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாரும் குடும்பநல உத்தியோகத்தர்மாரும் ஆமி வர முதலே வருசக் கணக்கா ஊர் ஊரா வேலை செய்த ஆக்கள், அந்தக் கட்டமைப்பு இல்லாட்டி ஊசி போட ஏலாது, பெயர் மட்டும் ஆமிக்குப் போச்சுது. கொரோனா செயலணிக்குத் தலைமை தாங்கினவர் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதி யுத்தத்தில அவரின்ர படைப்பிரிவு செய்த வேலையளைச் சொல்லி 2020 பெப்ரவரியில அமெரிக்கா பயணத் தடை போட்ட ஆள் அவர். வன்னியில இருக்கிற ஒரு தாய்க்கு "இவர் உன்ர சுகத்துக்குப் பொறுப்பு" எண்டு சொன்னா எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ.

அதோட முஸ்லிம் சனத்தின்ர கதை. 2020 ஏப்ரல்ல கெசட் அடிச்சு, கொரோனாவில செத்த ஆக்களைக் கட்டாயம் எரிக்கோணும் எண்டவை. புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேக்கேல்லை, நிலத்தடி நீருக்கால பரவும் எண்டு ஒரு விஞ்ஞானமும் இல்லாத கதை. டிசம்பரில பிறந்து 20 நாளான ஒரு குழந்தையைத் தாய் தகப்பனின்ர சம்மதம் இல்லாம எரிச்சவை. பொரளை மயான வேலியில சனம் வெள்ளைத் துணி கட்டினது அதுக்குத்தான். 2021 பெப்ரவரி கடைசியில, பாகிஸ்தான் பிரதமர் வந்திட்டுப் போன கையோட, புதைக்க விட்டவை, அதுவும் ஓட்டமாவடியில ஒரு மூலையில. 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேக்க முடிவெடுத்தது. நோயைச் சாட்டா வைச்சு ஒரு சமூகத்துக்கு இப்பிடிச் செய்யலாம், பெரும்பான்மை பேசாமல் இருக்கும் எண்டு அண்டைக்கே அரசாங்கம் படிச்சிட்டுது. அந்தப் படிப்பு பிறகு எல்லாருக்கும் வந்து விடிஞ்சது.

கேள்வி: பசளைத் தடை எண்டது என்ன கதை?

2021 ஏப்ரல்ல முடிவு, மே 6 கெசட், இரசாயன உரம் கிருமிநாசினி இறக்குமதி முழுத் தடை, நாடு முழுக்க ஒரே நாள்ல சேதன (இயற்கை) விவசாயம். பத்து வருசத்தில மெதுவா மாத்துறம் எண்டுதான் தேர்தல் விஞ்ஞாபனத்தில இருந்தது. பேராசிரியர்மார் கடிதம் எழுதினவை, விவசாயியள் றோட்டில இறங்கினவை, வயலுக்குள்ள கொடும்பாவி எரிச்சவை. ஜனாதிபதி கேக்கேல்லை, நவம்பரில கேட்டார், அதுக்குள்ள பெரும்போகம் விதைச்சாச்சு. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் செய்யிற ஆக்களைக் கேளுங்கோ, கதிர் வெளிக்கிடேக்க யூரியா இல்லாம பயிர் மஞ்சளாகி நிண்டதைச் சொல்லுவினம். அரிசியில தன்னிறைவு எண்டு பெருமை பேசின நாடு அரிசி இறக்குமதி செய்தது, டொலர் இல்லாத நேரத்தில. உண்மையான காரணமே உரம் வாங்க டொலர் இல்லை எண்டதுதான் எண்டு கனபேர் சொல்லினம், நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். அப்பிடியெண்டா அதை நேராச் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: சனம் நம்பிக்கையை எப்ப விட்டது? வரிசை வந்த பிறகுதானே?

வரிசையால மட்டும் நம்பிக்கை போகேல்லை எண்டதுதான் என்ர அபிப்பிராயம், அதுக்கு நல்ல ஆதாரம் எண்ணெயைப் பங்கிட்ட கியூ.ஆர் முறை.

2022 ஜூன் கடைசியில அத்தியாவசிய சேவை தவிர ஒருத்தருக்கும் எண்ணெய் இல்லை எண்டு நிப்பாட்டினவை. அதுக்கு முதல் மாசங்கள்ல நிலைமை எப்பிடி எண்டா, செட்டில (பெற்றோல் நிலையத்தில) பெற்றோல் வருதாம் எண்டு வட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் வரும், ராத்திரியே மோட்டச்சைக்கிளை உருட்டிக் கொண்டு போய் விட வேண்டியது, மண்ணெண்ணெய்க்கு கானுகளைக் கயித்தில கோத்து வரிசையா வைச்சிட்டு மதில் நிழல்ல குந்தி இருக்கிறது, காலமை பவுசர் வராது, வந்தா முதல்ல ஆமி வாகனம் அடிச்சிட்டுப் போகும், பிறகு ஆரோ தெரிஞ்ச ஆள் பின்பக்கத்தால கொண்டு போவான், உங்கட முறை வரேக்க முடிஞ்சுது எண்டு போர்ட் போடுவினம். அமைச்சர் டிவியில நாளைக்குக் கப்பல் வருது எண்டுவார், நாளைக்கு அடுத்த நாள் எண்டுவார். வரிசையில நிண்டே செத்த வயசான ஆக்கள் இருக்கினம். விசுவமடுவில ஜூன் 18 செட்டடியில ஆமி சுட்டுச் சிலபேருக்குக் காயம்.

பிறகு ஜூலை ஓகஸ்டில கியூ.ஆர் வந்தது. மோட்டச்சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. 4 லீற்றர் எண்டது ஒண்டுமில்லை, ஆனா கோட்டா எனக்கும் 4 தான், பக்கத்து வீட்டு லோயருக்கும் 4 தான், போன் திரையில மிச்சம் எவ்வளவு எண்டு காட்டுது. கொஞ்ச நாள்ல செட்டடிச் சண்டை நிண்டிட்டுது. எண்ணெய் திடீரெண்டு பெருகி வரேல்லை, இருக்கிறதை ஒழிக்காம, ஒரே சட்டத்தில, கண்ணுக்குத் தெரியிற மாதிரிப் பிரிச்சவை. (கோட்டா எண்ட சொல்லு ரெண்டு தரம் வரேக்க குழம்பாதேங்கோ, நான் சொன்னது பங்கை.)

இதை மேல நடந்ததோட வைச்சுப் பாருங்கோ. 2022 ஜனவரி 18 கையில டொலர் கரைஞ்சு போன நேரத்தில 500 மில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடன்பத்திரத்தைக் கட்டினவை, கட்டாதேங்கோ, அந்தக் காசு மருந்துக்கும் எண்ணெய்க்கும் வேணும், கடன்காரரோட கதையுங்கோ எண்டு பொருளாதார ஆக்கள் வெளிப்படையா எழுதினவை. ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) இட்டப் போகத் தேவையில்லை எண்டு மத்திய வங்கி ஆளுநர் கப்ரால் மாசக் கணக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். மே 4 ஆம் திகதி நிதி அமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில எழும்பி, பாவிக்கக் கூடிய டொலர் 50 மில்லியன் கூட இல்லை எண்டார். அந்தக் கணக்கை டிசம்பரில சொல்லியிருந்தா சனம் கோவப்பட்டிருக்கும், ஆனா ஆயத்தமாகியிருக்கும், விவசாயி ஒருத்தன் கடன் எடுக்க முதல் யோசிச்சிருப்பான்.

கேள்வி: அவசரகாலச் சட்டம் எண்டா என்ன? ஏன் உங்கட நாட்டில அடிக்கடி போடுறவை?

1947 இல வெள்ளைக்காரன் போகப் போகேக்க எழுதின பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. ஜனாதிபதி ஒரு கெசட் அடிச்சாப் போதும், சோதனை, கைது, ஊரடங்கு எல்லாத்துக்கும் விதி எழுதலாம். 14 நாளுக்குள்ள பாராளுமன்றம் ஒப்புதல் குடுக்காட்டி செத்துப் போகும். 2022 இல மட்டும் ஏப்ரல் 1, மே 6, பிறகு ஜூலை எண்டு போட்டவை. ஏப்ரல் முதல் கிழமை ஊரடங்கோட பேஸ்புக் வட்ஸ்அப் எல்லாத்தையும் தடுத்தவை, அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்சவே வி.பி.என் இருக்கேக்க இந்தத் தடை வீண் எண்டு ட்வீட் போட்டார், அந்த ட்வீட்டையும் தான் வி.பி.என் இலதான் போடுறாராம். பெறாமகனே சித்தப்பாவின்ர சட்டத்தை மீறின நாள். ஏப்ரல் 5 ஆம் திகதி ராத்திரி அந்த அவசரகாலத்தை எடுத்திட்டினம், பாராளுமன்றத்தில ஆதரவு கழரத் தொடங்கிட்டுது எண்டு விளங்கினபடியா.

ரணில் பதில் ஜனாதிபதியா இருக்கேக்க ஜூலையில போட்ட அவசரகாலம் அடிப்படை உரிமையை மீறினது எண்டு 2025 ஜூலையில உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு குடுத்தது. (தமிழ்நாட்டு ஆக்களுக்கு: எங்கட உயர் நீதிமன்றம் எண்டது டெல்லியில இருக்கிற உங்கட பெரிய கோர்ட் மாதிரி.) மூண்டு வருசம் பிந்தி.

கேள்வி: சிங்களச் சனம் கோட்டாவைத் துரத்தேக்க தமிழர் ஏன் பெரிசாச் சேரேல்லை? உங்களுக்கும்தானே எதிரி?

தமிழ்நாட்டில இருந்து எல்லாரும் கேக்கிறது இதுதான். முதல்ல, தமிழர் ஒருத்தரும் போகேல்லை எண்டது பொய், கொழும்புத் தமிழ்ப் பெடியள் பெட்டையள், மலையகப் பிள்ளையள் காலிமுகத்திடல்ல இருந்தவை. ஆனா வடக்குக் கிழக்கில பெரிய அலை எழும்பேல்லை, உண்மை.

காரணம் கனக்க. எங்களுக்கு இது புதுசு இல்லை. 90 களில யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டு வைச்சிருந்த காலம், பெற்றோல் இல்லை, மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓடினது, கரண்ட் இல்லை, ஜாம் போத்தில்ல திரி போட்டு விளக்கு, சைக்கிளைக் கவுட்டுப் போட்டு டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டது. சவுக்காரம், பற்றரி, எல்லாம் தடைப் பட்டியல்ல. அப்ப தெற்கில ஆரும் தெருவில இறங்கேல்லை. 1983 இல இருந்து 2011 மட்டும் இடைக்கிடை விட்டு அவசரகாலச் சட்டத்துக்குக் கீழதான் வாழ்ந்தது, பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல இருந்து. கொழும்பில 2022 இல ஒரு மாணவர் தலைவரை அந்தச் சட்டத்தில பிடிச்சு அஞ்சு மாசம் வைச்சிருக்கேக்க தெற்கு அதிர்ந்தது. எங்கட பக்கம் அதில பிடிபட்டு பத்து இருவது வருசம் உள்ள இருந்திட்டு வந்தவை இருக்கினம்.

ரெண்டாவது, கோட்டாவை என்னத்துக்குத் துரத்துறினம் எண்டதில வித்தியாசம். அவையின்ர கோவம் காஸுக்கும் கரண்டுக்கும், கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் 2017 இல இருந்து றோட்டோரக் கொட்டிலுக்குள்ள பிள்ளையின்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிற அம்மாமாரின்ர கேள்வி, யுத்தம் முடியேக்க பாதுகாப்புச் செயலாளரா இருந்த இதே கோட்டாவிட்ட, "ஆமியின்ர கையில ஒப்படைச்ச பிள்ளை எங்க" எண்டது. அந்தக் கேள்வி காலிமுகத்திடல் மேடையில ஓரத்திலதான் இருந்தது. மூண்டாவது சிம்பிள், பயம். முல்லைத்தீவில ஒரு பெடியன் போர்ட் பிடிச்சா அடுத்த நாள் வீட்டுக்கு சி.ஐ.டி வரும், கொழும்பில பிடிச்சா டிவி வரும்.

ஆனாலும் மே 18 ஆம் திகதி காலிமுகத்திடல்ல முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து, கஞ்சி குடுத்தவை, சிங்களப் பிள்ளையள் வாங்கிக் குடிச்சவை. அதுக்கு முதல் வருசங்கள்ல எங்கட ஊரில விளக்குக் கொளுத்தவே பொலிஸ் கோர்ட் தடையோட வந்து நிக்கும். அதைப் பாத்து எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது, 13 வருசம் எங்க இருந்தனியள் எண்டு.

கேள்வி: ஜனாதிபதி மாளிகைக்குள்ள புகுந்து நீச்சல் குளத்தில குதிச்சது ஜனநாயகமோ?

நீச்சல் குளத்தில குதிச்சதால ஒருத்தரும் சாகேல்லை. உள்ள கண்டெடுத்த ஒரு கோடியே 78 இலட்சம் ரூபாவைப் போராட்டக்காரர் எண்ணிப் பொலிசிட்டக் குடுத்தவை. ஆனா அண்டைக்கு ராத்திரியே ரணிலின்ர சொந்த வீட்டை எரிச்சது பிழை, மே 9 நடந்த கொலை பிழை, அதுக்கு நான் சாட்டுச் சொல்ல வரேல்லை. ஒரு ஜனாதிபதியை இடையில இறக்கிறதுக்கு அரசியலமைப்பில இருக்கிற குற்றப் பிரேரணை வழி, பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு எம்பிமார் கை தூக்கினாத்தான் நடக்கும், அதுக்கு அவரின்ர சொந்தக் கட்சி எம்பிமாரும் தூக்கோணும், அவை தூக்க மாட்டினம். வாசல் எல்லாம் பூட்டி இருக்கேக்க சனம் மதில் ஏறினது.

கேள்வி: ரணில் கொல்லைப்புறத்தால வந்தவர்தான், ஆனா நாட்டைக் காப்பாத்தினவர் தானே?

2020 தேர்தல்ல அவரின்ர யூ.என்.பி (ஐக்கிய தேசியக் கட்சி) ஒரு ஆசனத்திலயும் வெல்லேல்லை, நாடு முழுக்க எடுத்த வாக்குக் கணக்கில கிடைக்கிற தேசியப் பட்டியல்ல ஒண்டு, அதில வந்து பிரதமர், பிறகு ராஜபக்ச கட்சி எம்பிமாரின்ர வோட்டில ஜனாதிபதி. சட்டப்படி சரி. பதவி ஏற்று ஒரு நாள் ஆக முதல், ஜூலை 22 விடியப்புறம், ஆமியை விட்டுக் கூடாரத்தை உடைச்சார், அண்டைக்குப் பின்னேரமே தாங்களா இடத்தைக் காலி பண்ணுறம் எண்டு போராட்டக்காரர் சொல்லியிருந்தவை.

பொருளாதாரத்தில அவர் செய்ததை நான் மறைக்கேல்லை. 2023 மார்ச் 20 ஐ.எம்.எஃப் கிட்டத்தட்ட 3 பில்லியன் டொலருக்கு ஒப்புக்கொண்டது, இலங்கைக்கு அது 17 ஆவது தரம். வரிசை இல்லாமப் போச்சுது, விலையேற்றம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. ஆனா அந்தக் காசை ஆர் கட்டினது எண்டும் பாக்கோணும். வற் 8 இல இருந்து படிப்படியா ஏறி 2024 ஜனவரியில 18. மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே இரவில 340, குருநகர் மீன்பிடி வள்ளமும் பேசாலை வள்ளமும் கரையில கிடந்தது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கேக்க வங்கியளின்ர ரூபாக் கடன்பத்திரத்தைத் தொடேல்லை, தொழிலாளர் சேமிப்பான ஈ.பி.எஃப் ஐத் தொட்டவை, 2025 க்குப் பிறகு 9 வீத வட்டி. அப்ப நாளுக்கு 1000 ரூபா சம்பளத்தில கொழுந்து பறிச்ச அக்காவுக்கும் அதிலதான் வயசுகாலச் சேமிப்பு, அவ வீட்டில ரொட்டி சுடுற கோதுமை மா விலை மூண்டு மடங்கு தாண்டி ஏறினதும் அதே காலத்தில. அவவிட்ட ஒருத்தரும் சம்மதம் கேக்கேல்லை, கேக்கிற சந்தர்ப்பம் ஒண்டு வந்தது, அதையும் நிப்பாட்டினவை. அடுத்த கேள்வியைப் பாருங்கோ.

கேள்வி: சாப்பாட்டுக்கே காசில்லாத நேரம் உள்ளூராட்சித் தேர்தல் தேவையோ?

2023 மார்ச் 9 நடக்க வேண்டிய தேர்தல். வேட்புமனு எல்லாம் குடுத்து, சனம் கட்டுக்காசும் கட்டின பிறகு, திறைசேரி காசில்லை எண்டது, அரச அச்சகம் காசு வந்தாத்தான் தபால் வாக்குச் சீட்டு அடிப்பம் எண்டது. பட்ஜெட்டில 1000 கோடி ரூபா இதுக்கெண்டு ஒதுக்கி பாராளுமன்றமே நிறைவேத்தியிருந்தது. ஒதுக்கின காசை மறிக்காதேங்கோ எண்டு மார்ச் 3 உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை போட்டது, அரசாங்க எம்பிமார் எழும்பி அது பாராளுமன்றச் சிறப்புரிமையை மீறுது எண்டு சத்தம் போட்டவை, காசு வரவே இல்லை. அதுக்கு ஒரு மாசம் முதல்தான் காலிமுகத்திடல்ல 75 ஆவது சுதந்திர தினம் அணிவகுப்போட கொண்டாடினது.

மார்ச் 19 ஓட சபைகளின்ர காலம் முடிஞ்சு, ரெண்டு வருசத்துக்கு மேல கிட்டத்தட்ட எல்லாப் பிரதேச சபையும் செயலாளர் ஆணையாளர் கையில. லைட் எரியாட்டி, குப்பை அள்ளாட்டி, வாய்க்கால் அடைச்சா போய்ச் சண்டை பிடிக்க ஒரு உறுப்பினர் இல்லை, கந்தோரில மனு எழுதிக் குடுத்திட்டு வாறதுதான். 2024 ஓகஸ்ட் 22 அந்தத் தேர்தலை நடத்தாம விட்டது அடிப்படை உரிமை மீறல், நிதி அமைச்சரா இருந்த ரணிலும் தேர்தல் ஆணைக்குழுவும் பொறுப்பு எண்டு கோர்ட் சொன்னது. கடைசியில 2025 மே 6 தான் தேர்தல். காசில்லை எண்டு ஒரு தேர்தலைத் தள்ளலாம் எண்டா, காசில்லாத நாட்டில எந்தத் தேர்தலையும் தள்ளலாம், தோக்கிற அரசாங்கத்துக்கு எப்பவும் காசு இருக்காது.

கேள்வி: கோர்ட்டால என்ன பிரயோசனம்? ஒருத்தரும் உள்ள போகேல்லையே.

2023 நவம்பர் 14 தீர்ப்பு முக்கியம். கோட்டாபய, மஹிந்த, பசில், கப்ரால், இன்னும் சில உயர் அதிகாரிகள் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பு, மக்கள் நம்பிக் குடுத்த பொறுப்பை மீறினவை எண்டு 4 க்கு 1. தண்டனை எண்டு பாத்தா வழக்குச் செலவுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா, அவ்வளவுதான். அதே வருசம் ஜனவரியில ஈஸ்டர் தாக்குதலை முன்கூட்டித் தகவல் கிடைச்சும் தடுக்கேல்லை எண்டு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவை 10 கோடி ரூபா கட்டச் சொன்னது, அது அவரின்ர சொந்தக் காசில. பொருளாதாரத் தீர்ப்பு பேப்பரில இருக்கு, நாளைக்கு ஒரு நிதி அமைச்சர் கையெழுத்து வைக்கேக்க அவரின்ர சட்ட ஆலோசகர் அதை எடுத்துக் காட்டுவார் எண்டு ஒரு நப்பாசை எனக்கு இருக்கு.

கேள்வி: தமிழ்நாடு அனுப்பின அரிசி வந்து சேர்ந்ததா?

வந்தது. 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்து, சட்டமன்றத்தில தீர்மானம் போட்டு அனுப்பினவை, முதல் கப்பல் மே 18 சென்னையில இருந்து வெளிக்கிட்டது. தமிழருக்கு மட்டும் எண்டு இல்லாம எல்லா இலங்கையருக்கும் எண்டு அனுப்பினது நல்ல விசயம். மார்ச்சில மன்னார்ப் பக்கம் இருந்து வள்ளத்தில தனுஷ்கோடிக்கு வந்து இறங்கின குடும்பங்களையும் உங்கட ஆக்கள் பாத்தவை, நன்றி.

கேள்வி: இப்ப ஜனாதிபதியா அநுர குமார திசாநாயக்க வந்திட்டார், நம்பிக்கை திரும்பிட்டுதா?

2019 இல 3 வீதம் எடுத்த ஆள் 2024 செப்டெம்பரில 42.31 எடுத்து, இலங்கை வரலாற்றில முதல்தரமா ரெண்டாவது விருப்பு வாக்கு எண்ணி வெண்டார். நவம்பரில அவரின்ர தேசிய மக்கள் சக்திக்குப் பாராளுமன்றத்தில 225 இல 159 ஆசனம், யாழ்ப்பாணத்திலயும் 6 இல 3. யாழ்ப்பாணத்தில ஒரு தெற்குக் கட்சி முதலாவதா வாறது எண்டா சும்மா கதை இல்லை, எங்கட கட்சியளில சனத்துக்கு இருந்த வெறுப்பும் அதில பாதி. ஆனா ஆறு மாசத்தில, 2025 மே உள்ளூராட்சித் தேர்தல்ல, அதே கட்சி 61 வீதத்தில இருந்து 43 க்கு இறங்கிட்டுது, வடக்கில தமிழரசுக் கட்சி திரும்பி எழும்பிட்டுது. சனம் இப்ப கடனுக்குத்தான் நம்புது, கெதியா வட்டியும் கேக்குது. 2022 க்குப் பிறகு அது நல்ல பழக்கம் எண்டுதான் நான் சொல்லுவன்.

நான் பாக்கிறது ரெண்டு விசயம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பம் எண்டு விஞ்ஞாபனத்தில எழுதினவை, ஆட்சிக்கு வந்து ஒரு வருசம் தாண்டியும் சட்டம் இருந்தது, அதில ஆக்களைப் பிடிக்கிறதும் நடந்தது. மற்றது மாகாண சபை. வட மாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சது, அதுக்குப் பிறகு மூண்டு ஜனாதிபதி மாறியாச்சு, ஒரு நோய் வந்து போச்சு, ஒரு வங்குரோத்து வந்து போச்சு, 2025 முடிய மட்டும் தேர்தல் நடக்கேல்லை. முதல்ல எல்லை நிர்ணயம் எண்டவை, பிறகு காசு எண்டவை, 2025 இல திருப்பி எல்லை நிர்ணயத்துக்கு வந்து நிண்டவை.